பெருநகரமா, சிறுநகரமா: திறனுக்கேற்ற வேலையும் ஊதியமும்

பெருநகரங்களில் ஊதியம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடு முழுவதும் ஊரின் அளவால் வந்தது என்று கொள்வது தவறு. பிரான்சின் ஊதியத் தரவுகளைக் கொண்டு கோம்ப், துரந்தோன், கோபியோன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஊருக்கு ஊர் காணப்படும் ஊதிய வேறுபாட்டில் 40 முதல் 50 விழுக்காடு வரை அங்கங்கே பணிபுரிவோரின் திறன் வேறுபாட்டால் விளைவது என்று காட்டியது. எங்கிருந்தாலும் கூடுதலாக ஈட்டக்கூடியவர்களே பெருநகரங்களில் திரள்கிறார்கள். எஞ்சிய பகுதியில், ஒருவரின் திறனும் நிறுவனத்தின் தேவையும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

குழந்தைகளுக்கான மயக்கவியலில் தனிப்பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே பொது மருத்துவமனை உள்ள சிறுநகரத்தில் மகப்பேறு, எலும்பு முறிவு, குடல்வால் என எல்லா அறுவைக்கும் அவரை அழைப்பார்கள். அவருடைய தனித்திறன் எப்போதாவதுதான் பயன்படும். குழந்தைகள் மருத்துவமனைகள் பல உள்ள பெருநகரத்தில் அதுவே அவருடைய அன்றாட வேலையாகிறது. அதோடு, ஓரிடத்தில் ஊதியம் குறைவென்றால் வீட்டையோ பிள்ளைகளின் பள்ளியையோ மாற்றாமலே வேறோரிடத்துக்கு அவரால் போக முடியும் என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். ஆகவே வேலைத்திறன், பேரம் பேசும் வலிமை என இரண்டு வழிகளிலும் அவருடைய ஊதியம் உயர்கிறது.

மருந்தாளுநருக்கும் கணக்கருக்கும் நிலைமை வேறு. அவர்களுடைய திறனைக் கேட்கும் இடங்கள் சிறுநகரத்திலும் பல உண்டு. பெருநகரம் தரும் கூடுதல் தொகையில் பெரும்பகுதியை வாடகையே விழுங்கிவிடலாம். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் இல்லாதோருக்கு நகரங்கள் அளித்துவந்த ஊதியச் சாதகம், அண்மைப் பத்தாண்டுகளில் பெரிதும் தேய்ந்துவிட்டதாகப் பொருளியலாளர் டேவிட் ஆட்டர் 2019இல் எடுத்துக்காட்டினார்.

நிறுவனங்களின் பக்கமும் இதே வேறுபாடு தெரிகிறது. சிறுநகர நிறுவனம் கிடைத்தவரை அமர்த்திப் பயிற்றுவிக்கிறது. பெருநகர நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. ஜெர்மனியின் 1985 முதல் 2014 வரையான தரவுகளை ஆராய்ந்தவர்கள், நகரம் பெரிதாகப் பெரிதாக, உயர்திறன் பணியாளர்கள் உயர்தர நிறுவனங்களோடு சேர்வது வலுப்படுவதைக் கண்டார்கள். உற்பத்திக்கு இது நன்மை. ஊர்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வையோ இது வளர்க்கிறது.

காலமும் கணக்கில் சேரும். தெ லா ரோக்கா, புகா இருவரும் ஸ்பெயினைப் பற்றி 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருநகரத்தில் பெற்ற அனுபவத்தின் மதிப்பு அங்கிருந்து வெளியேறிய பின்னும் பெரும்பாலும் நிலைக்கிறது. எனவே, குறுகிய சிறப்புத்திறன் கொண்ட இளையவர் தொடக்க ஆண்டுகளையாவது பெருநகரத்தில் கழிப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆயினும் பார்க்க வேண்டியது மக்கள்தொகையை அல்ல, தம் திறனைக் கேட்கும் நிறுவனங்களின் எண்ணிக்கையை. ஒரே தொழில் குவிந்த நடுத்தர நகரம், அத்தொழில் அரிதாக உள்ள பெருநகரத்தைவிட அத்துறையினருக்கு நல்ல சந்தையாகலாம். ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே இதை விளக்கியிருந்தார். ஆனால் அத்தொழில் நலியும்போது அவ்வூரின் நிறுவனங்கள் எல்லாம் ஒருசேர ஆளைக் குறைக்கும். பல தொழில்கள் கலந்த பெருநகரத்திலோ நெருங்கிய வேறு துறைக்கு மாற வழி இருக்கும்.