கோவை சிறை பஜாரில் வாங்கிய துண்டும் கடுங்காவல் தண்டனையும்

தமிழகச் சிறைத் துறை, கைதிகள் செய்யும் பொருட்களை ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் விற்று வருகிறது. காந்திபுரத்தை அடுத்துள்ள கோவை மத்திய சிறையின் பஜாரில் நான் வாங்கியவை பருத்தித் துண்டும் ரொட்டியும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுபவர்கள் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகே பேசுவார்கள். அவ்வாறு பார்த்தபோது, இந்தத் துண்டில் பாவு என்ற நீள இழை விலகியோ ஊடை என்ற குறுக்கு இழை அறுந்தோ ஓரிடத்திலும் காணப்படவில்லை. ஓரத்தை இரண்டாக மடித்து, நெருக்கமாகத் தையல் போட்டிருக்கிறார்கள். வேறொரு கடையில் கூடுதல் விலைக்கு வாங்கிய துண்டு சில சலவைகளிலேயே ஓரம் பிரிந்துவிட்டது. இது அப்படியே இருக்கிறது. ரொட்டி மென்மையானது, சர்க்கரை குறைவு.

இந்த நெசவுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கடுங்காவல் என்றதும் இருட்டறையும் விலங்கும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. தனிமைச் சிறை என்பது வேறு. அதற்குச் சட்டம் தனி வரம்பு விதித்து, மொத்தத்தில் 3 மாதங்களைத் தாண்டக் கூடாது என்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 53ஆவது பிரிவில், சிறைத் தண்டனையைக் கடும் உழைப்புடன் கூடிய கடுங்காவல் என்றும் உழைப்பைக் கட்டாயமாக்காத வெறுங்காவல் என்றும் பிரித்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டமும் அந்தப் பிரிவினையை அப்படியே வைத்துக்கொண்டு, சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைப் புதிய தண்டனையாகச் சேர்த்திருக்கிறது.

கடும் உழைப்பு என்றால் என்ன என்பதை ஆள்வோரின் மனமே தீர்மானித்த காலமும் இருந்தது. 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனாரை, மாடு இழுக்க வேண்டிய செக்கை இதே கோவைச் சிறையில்தான் இழுக்க வைத்தார்கள். அந்த வளாகத்தில் இன்று உழைப்பு தொழிலாக மாறியிருப்பதை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன். கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்க வழி செய்ய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியது. கூலி இல்லாமல் வாங்கும் உழைப்பை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது அடிமை வேலைதான் என்பதால், அந்தத் தீர்ப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

கைதி செய்த பொருள் என்று தயங்குவோரும், இரக்கப்பட்டு வாங்குவோரும் உண்டு. இரண்டுமே வேண்டியதில்லை. துண்டைத் தரத்துக்காகவே வாங்கலாம். ரொட்டியை மட்டும் அன்றைய தேவைக்கு ஏற்ற அளவில் வாங்குவது நல்லது.