வேலை பொருத்தித் தருகிறோம் என்று 11,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள், தயவுசெய்து படியுங்கள்

நேற்று மதியம் "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று மெயில் வந்தது. பணம் கட்டி 52 நாள் ஆகிறது. கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். இந்த நேரத்திலும் யாராவது ஒருவர் அவர்களுடைய அந்த ஆன்லைன் டெஸ்டை எழுதிக்கொண்டிருப்பார்.

நான் திண்டுக்கல். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஒன்றரை வருடம் இருந்தேன். அப்புறம் 8 மாதமாக வேலை இல்லை. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. உங்கள் நடத்தையை வைத்து உங்களுக்கு ஏற்ற வேலையைச் சொல்கிறோம், 40 கேள்வி, 12 நிமிடம், இலவசம். தளத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் அண்ணன் சொன்னதால் போடவில்லை. ஆன்லைனில் நடத்தை மதிப்பீடு செய்து வேலை பொருத்தித் தரும் தளம், அவ்வளவுதான்.

தெரியாதவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா, எடுத்த வேலையைப் பாதியில் விடுவீர்களா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் யோசித்து உண்மையாகப் பதில் போட்டேன். முடித்ததும் முதல் பக்கம் மட்டும் தெரிந்தது, மீதி மங்கலாக இருந்தது. முழுசும் பார்க்க 499 ரூபாய். கட்டினேன்.

நான் நம்பிய இடம் இதுதான். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: "வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உங்களுக்குக் கவலைகள் அதிகம். உங்கள் திறமையில் பெரும்பகுதி இன்னும் பயன்படாமல் இருக்கிறது." ராத்திரி 11 மணி. அம்மாவை எழுப்பிப் படித்துக் காட்டினேன். "உன்னை அப்படியே சொல்லுதேடி" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டு மாதமாக யாரும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை 10 மணிக்கு 'கவுன்சலர்' போன் செய்தார். "சிஸ்டர், உங்க ப்ரொஃபைல் ரொம்ப ரேர். அக்கவுண்ட்ஸ் உங்களுக்கான லைனே இல்ல, நீங்க ஹெச்.ஆர்.ல இருக்க வேண்டியவங்க. 45 நாள்ல மூணு இன்டர்வியூ, எல்லாம் எங்க டை-அப் கம்பெனி." கட்டணம் 10,000, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., மொத்தம் 11,800 ரூபாய். நான் தயங்கியதும் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "அம்மா, என் தங்கச்சியா இருந்தா நானே கட்டியிருப்பேன்மா." அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா விழுந்துவிட்டார். மகளிர் குழுவில் எடுத்த கடனிலிருந்து 11,800 ரூபாயை அன்றே ஜிபேயில் அனுப்பினோம்.

'மேட்ச்' ஆன முதல் வேலை, வேலைவாய்ப்புத் தளங்களில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்த ஒன்று. அதற்கு நான் இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்திருந்தேன். இரண்டாவது இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை, சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். மூன்றாவதற்காக விடியற்காலையில் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைப் பட்டியலில் இரண்டு முறை தேடினார். பிறகு உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லம்மா, இப்படி வந்ததுல நீங்க நாலாவது ஆள்" என்றார். அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிரவு என் தோழி அதே டெஸ்டை எழுதினாள். 40 கேள்விக்கும் படிக்காமலே நடு விடையை அழுத்தினாள். அவளுக்கும் அதே மூன்றாம் பக்கம், ஒரு எழுத்து மாறவில்லை. என் ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினால் 11ஆம் பக்கத்தில் என் பெயருக்குப் பதில் வேறொரு பையனின் பெயர் இருக்கிறது.

உளவியல் படித்த பக்கத்து வீட்டு அக்காதான் விஷயத்தைச் சொன்னார். 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்து, உனக்கான முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தாராம். அதிலிருந்த வரிகள் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்தில் எடுத்தவை. மாணவர்கள் சராசரியாக ஐந்துக்கு நாலுக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். வெளியே அமைதி, உள்ளே கவலை, பயன்படாத திறமை எல்லாமே அந்தத் தாளில் உண்டு. படித்ததும் வயிற்றைப் புரட்டியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டீம் பார்க்குது சிஸ்டர்." நாலு நாள் கழித்து, "மேனேஜர் லீவு." அடுத்த வாரம் வேறு குரல், "அவர் இப்ப இங்க இல்ல, நீங்க டிக்கெட் போடுங்க." டிக்கெட் போட்டால், ரிப்போர்ட் கொடுத்ததோடு சேவை முடிந்தது, இன்டர்வியூவுக்கு 'முயற்சி' மட்டும்தான் செய்வோம் என்று பதில். கடைசியாகப் பேசியவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "உங்க டெஸ்ட்லயே விடாமுயற்சி கம்மின்னு வந்திருக்கு சிஸ்டர், அதனாலதான் கம்பெனிங்க எடுக்கல. மறுபடி எழுதுங்க, பாதி விலைக்குத் தரோம்." நான் மனசைத் திறந்து போட்ட பதிலை எடுத்து என்னையே அடித்தார்கள். 11,800 ரூபாயையும் வாங்கிக்கொண்டு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வேலைக்காக முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். டை-அப் என்று சொன்னால் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்கள். வாயால் சொல்லும் வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள், நான் வாங்கவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இலவசமாகவே வழி சொல்கிறார்கள், மத்திய அரசின் என்.சி.எஸ். வேலைவாய்ப்புத் தளமும் இலவசம். பணம் போனால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை.

நாளை அந்தப் புகாரைத்தான் போடப் போகிறேன். ரிப்போர்ட்டின் 11ஆம் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் குழுத் தவணை வியாழக்கிழமை.