காபி கடை ஆங்கிலம்: ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றி

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோருக்கும், அங்கே மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கும் எங்கள் ஊரில் ஒரு நிலையம் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துகிறது. அதில் காபி கடையில் பானம் கேட்டு வாங்குவதற்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த என் தாயாருடன் அமர்ந்து அதை முழுவதும் கேட்டேன். அந்த வகுப்பில் அதுவே மிகச் சிறந்த பாடம் என்று தயங்காமல் சொல்வேன்.

பெரும்பாலான பேச்சு ஆங்கில நூல்கள் வாடிக்கையாளர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மட்டும் கற்பித்து நின்றுவிடுகின்றன. உண்மையான சிக்கல் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. 'வாட் சைஸ்?', 'ஹாட் ஆர் ஐஸ்ட்?', 'ரூம் ஃபார் மில்க்?' (பால் ஊற்ற இடம் விடவா?), 'ஃபார் ஹியர் ஆர் டு கோ?' (இங்கேயே குடிக்கவா, எடுத்துச் செல்லவா?), 'கேன் ஐ கெட் எ நேம்?' என்று கடைக்காரர் அடுத்தடுத்துக் கேட்கும்போது, பின்னால் கொட்டை அரைக்கும் இயந்திரமும் இரைந்துகொண்டிருக்க, வரிசையில் நிற்பவர்களும் காத்திருக்க, நன்றாக ஆங்கிலம் படித்தவர்களே திகைத்துப் போகிறார்கள். இந்த வகுப்பின் ஆசிரியை அந்த இரைச்சலையே ஒலிப்பதிவாக ஓடவிட்டு, தாமே கடைக்காரராக நின்று, கேள்விகளை வரிசை மாற்றி மாற்றிக் கேட்கிறார். ஒன்றிரண்டு சொற்களில் விடை சொன்னாலே போதும் என்று அவர் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவதால், முழு வாக்கியம் அமைக்க வேண்டுமே என்ற அச்சம் பெரியவர்களிடமிருந்து விலகுவதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

அளவு, பானம், பால் என்ற வரிசையில் சொல்லப் பழக்குவதும் பயனுள்ளது. 'கேன் ஐ கெட் எ ஸ்மால் லாட்டே வித் ஓட் மில்க், ப்ளீஸ்' (ஓட்ஸ் பாலில் ஒரு சிறிய லாட்டே, அதாவது பால் மிகுந்த காபி, கிடைக்குமா?) என்ற ஒரே அச்சில் வேண்டிய சொற்களை மாற்றிக்கொண்டால் பெரும்பாலான பானங்களைக் கேட்டுவிடலாம். 'கிவ் மீ ஒன் காபி' இலக்கணப்படி சரியானாலும் கட்டளையாக ஒலிக்கும் என்பதையும், நாம் 'குடுங்க' என்பதில் வைக்கும் மரியாதையை அங்கே கேள்வி வடிவமும் 'ப்ளீஸ்' என்பதும் தாங்குகின்றன என்பதையும் ஆசிரியை அழகாக விளக்கினார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் பயிற்சி நம்மவர்களுக்கு மிகவும் தேவையானது. அழைக்க எளிதான ஒரு சுருக்கப் பெயரை முன்பே தேர்ந்துகொள்ளலாம் என்ற யோசனையும் நல்லது.

குறைகளும் உண்டு. அளவுகளைக் கற்பிக்கும்போது ஸ்டார்பக்ஸ் என்ற காபி கடைத் தொடரின் பெயர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே டால் என்பது சுமார் 354 மில்லி, கிராண்டே 473 மில்லி, சூடான வென்டி 591 மில்லி. நம் டபரா செட்டில் குடித்துப் பழகியவர்களுக்கு டால் அளவே மிகுதி என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு பல கடைகளில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்பவையே வழக்கம். லண்டனில் 'டு கோ' என்பதற்குப் பதிலாக 'டேக் அவே' என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள் என்பதும் பாடத்தில் இல்லை.

இதைவிடப் பெரிய குறை, உடல்நலம் சார்ந்த சொற்களை விட்டுவிட்டதுதான். வகுப்புக்கு வருபவர்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். சாய் லாட்டே என்ற பெயரைக் கண்டு நம் தேநீர் என்று வாங்கினால், பல கடைகளில் அது ஏற்கெனவே இனிப்புச் சேர்த்த அடர்கரைசலில் தயாரிக்கப்பட்டிருக்கும். கோப்பை கைக்கு வந்த பிறகு இனிப்பை நீக்க வழியில்லை. 'இஸ் இட் ஸ்வீட்டன்ட்?' (இனிப்புச் சேர்த்ததா?), 'நோ சிரப், ப்ளீஸ்' (இனிப்புப் பாகு வேண்டாம்) என்ற இரண்டும் கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டியவை. மாலையில் காபி குடித்தால் தூக்கம் வராதவர்களுக்கு 'டீகாஃப்' (காஃபீன் நீக்கிய காபி) என்ற சொல்லும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு 'ஐ ஆம் அலர்ஜிக் டு நட்ஸ்' என்ற வாக்கியமும் அவ்வாறே. பாதாம் பால் அங்கே சாதாரணமாகப் புழங்கும் பொருள்.

பாடத்தின் ஒலிப்பதிவுகளைக் கைபேசியில் அனுப்பிவிடுவதால் வீட்டிலும் பயிற்சியைத் தொடரலாம். முதல்முறை வெளிநாடு செல்லும் பெற்றோரை இந்த வகுப்பில் சேர்க்கத் தயங்க வேண்டாம்; விடுபட்ட சொற்களை மட்டும் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒலிப்பதிவுடன் சேர்த்துச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.