நீர்மூழ்கிக் கப்பல் வாங்க மூன்று வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

நீர்மூழ்கிக் கப்பல் தேவைப்படும் நாடு, பிறர் கழித்துவிட்டதை மலிவாக வாங்கலாம்; வெளிநாட்டு வடிவமைப்புக்கு உரிமம் பெற்று உள்நாட்டில் கட்டலாம்; அல்லது தன் தேவைக்கென்றே புதிய வடிவமைப்பைக் கேட்கலாம். கனடா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவை முறையே இவற்றுக்குச் சான்றுகள். பெரும்பாலும் விலையை வைத்தே இவற்றை எடைபோடுகிறார்கள். கட்டுமானத் தளம் எத்தனை ஆண்டுகள் வேலையின்றிக் கிடக்கிறது என்பதைக் கணக்கிட்டால் வேறு விடை கிடைக்கிறது.

பழையதை வாங்கும் வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிரிட்டன் 1994-க்குள் பணியிலிருந்து விலக்கிவிட்ட நான்கு அப்ஹோல்டர் வகைக் கப்பல்களை 1998-ல் கனடா வாங்கியது. அவற்றுள் ஒன்றான சிகூட்டிமி, 2004 அக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட பயணத்திலேயே உள்ளே புகுந்த கடல்நீரால் தீப்பற்றி, ஓர் அதிகாரி உயிரிழந்தார். அக்கப்பல் முறைப்படி படையில் சேர 2015 ஆயிற்று. அவ்வகையில் உலகிலேயே நான்கு கப்பல்கள்தான் கட்டப்பட்டன என்பதால், உதிரிபாகங்களுக்கு வேறு வாடிக்கையாளரும் இல்லை, வேறு சந்தையும் இல்லை.

உரிமம் பெற்றுக் கட்டும் வழியில் இந்தியாவின் அனுபவம் கவனமாகப் படிக்கத்தக்கது. 1981-ல் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. என்ற கப்பல் கட்டும் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தப்படி இரண்டு கப்பல்கள் அங்கேயும், இரண்டு மும்பை மசகான் தளத்திலும் கட்டப்பட்டன. மும்பையில் உருவான சல்கி 1992-லும் சங்குல் 1994-லும் படையில் சேர்ந்தன. ஆனால் தரகு குறித்த குற்றச்சாட்டு எழுந்ததால் மேலும் இரண்டு கப்பல்கள் கட்டும் திட்டம் கைவிடப்பட, அழுத்தம் தாங்கும் உடற்கூட்டைப் பற்றவைக்கப் பயின்ற தொழிலாளர்களுக்கு அடுத்த வேலை இல்லாமல் போயிற்று. 2005-ல் பிரான்சுடன் ஆறு ஸ்கார்பீன் கப்பல்களுக்கு ஒப்பந்தமானபோது, மசகான் ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அவற்றுள் முதலாவதாக 2012-ல் வரவேண்டிய கல்வரி 2017 டிசம்பரில் வந்தது. அதற்கென்று தேர்ந்தெடுத்த இத்தாலிய டார்பிடோவோ (நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் ஆயுதம்), அதே குழுமத்தின் ஹெலிகாப்டர் விற்பனையில் எழுந்த ஊழல் புகாரால் கைவிடப்பட்டது. புதிய கப்பல் பழைய டார்பிடோக்களுடன் கடலுக்குச் சென்றது. ஊழலைத் தண்டிப்பது அவசியம்தான். ஆனால் நிறுவனத்துக்கு விதித்த தண்டனையைக் கடற்படையே சுமக்கும்படி விதிகளை எழுதியதை நிர்வாகத் திறன் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழியில் ஆஸ்திரேலியாவைவிட அதிகம் செலவழித்துக் குறைவாகப் பெற்ற நாட்டைக் காண்பது அரிது. அந்நாட்டின் காலின்ஸ் வகை நீர்மூழ்கிகளில் ஆறாவது 2003-ல் முடிந்தபின், அவற்றைக் கட்டிய அடிலெய்டில் புதிய நீர்மூழ்கி எதுவும் கட்டப்படவில்லை. 2016-ல் பிரான்சின் அணுசக்திக் கப்பலை டீசலுக்கு மாற்றியமைத்து 12 கப்பல்கள் கட்ட, 5,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் திட்டமிட்டனர். 2021 செப்டம்பரில் அதை ரத்து செய்து, அணுசக்திக் கப்பல்களையே நாடினர். அணுசக்தியே வேண்டுமென்றால் அதை டீசலாக மாற்றச் சொன்னது ஏன் என்று பிரெஞ்சுக்காரர்கள் கேட்டிருந்தால் நியாயம்தான். ரத்துக்கு ஈடாகப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ தரவேண்டியதாயிற்று. அணுசக்தித் திட்டத்துக்கு 2050-களின் நடுப்பகுதிவரை 26,800 கோடி முதல் 36,800 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்பது அரசின் மதிப்பீடு.

ஆக, இம்மூன்றுள் உரிமம் பெற்றுக் கட்டுவதே மேல் என்பது என் கருத்து. ஆனால் வேலை தொடர்ந்து நடந்தால் மட்டுமே. 2016-ல் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்துக்குப் பிரான்சுடன் போட்டியிட்டுத் தோற்ற ஜப்பான், சொந்த வடிவமைப்பில் கோபே நகரின் இரு தளங்களுக்கு மாறிமாறி வேலை கொடுத்து, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு கப்பல் கட்டி வருகிறது. பெரிய ஒப்பந்தம், நீண்ட இடைவெளி என்ற முறையைவிட இது சிக்கனமானது. இந்தியாவோ அடுத்த நீர்மூழ்கிகளுக்கான ‘75-I’ என்ற திட்டத்துக்கு 2021 ஜூலையில் விலைப்புள்ளி கோரியபோது, காற்றின் தேவையின்றி இயங்கும் உந்துமுறை கடலில் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஸ்கார்பீனைத் தந்த பிரெஞ்சு நிறுவனமே அதனால் விலகிக்கொண்டது. ஆறாவது ஸ்கார்பீனான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் படையில் சேர்ந்த நாளிலும் மசகானின் அடுத்த நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.