இலவம்பஞ்சா, தென்னைநாரா, ரப்பரா: குமரி மழைக்கு எந்த மெத்தை?

எங்கள் வீடு தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். மூன்று படுக்கையறை, மூன்று வகை மெத்தை. மாமியாரின் அறையில் தென்னைநார் மெத்தை, எங்கள் அறையில் ரப்பர் மெத்தை, பிள்ளைகளின் அறையில் மாமியாருக்குக் கல்யாணச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மழையில் மூன்றையும் பல வருஷமாகப் பராமரித்து வருகிறேன். அதனால் மெத்தை வாங்கப்போகிற யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது?

கடையில் நாம் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்க்கிறோம், உட்கார்ந்து பார்க்கிறோம். மென்மையா, கெட்டியா என்று அங்கேயே தெரிந்துவிடும். தெரியாதது ஈரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. மலையடிவாரத்துப் பக்கம் அலமாரியில் தொங்கும் தோல் பெல்ட்டே பூஞ்சணம் பூத்துப்போகும் காலம் அது. அதே அறையில்தான் மெத்தையும் கிடக்கிறது. போதாததற்கு ராத்திரி முழுக்க நம் உடம்பின் வியர்வையும் அதற்குள் இறங்குகிறது. அந்த ஈரத்தை ஒரு மெத்தை எப்படி வெளியே விடுகிறது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடைபோடுவேன்.

முதலில் இலவம்பஞ்சு. உள்ளே குழாய்போல வெற்றிடம், மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு, இதுதான் இலவ இழை. அதனால் தண்ணீரை லேசில் குடிக்காது. அந்தக் காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைத்தது இந்தப் பஞ்சைத்தான். வேனலில் இதற்கு இணையாகக் குளுமையான படுக்கை கிடையாது. ஆனால் அழுந்திக்கொண்டே போகும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் இடுப்புப் பக்கம் பள்ளமும் ஓரத்தில் கட்டியுமாக ஆகிவிடும். அதற்கு மருந்து வெயில்தான். காலையில் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டி, கம்பால் தட்டி மாலையில் எடுத்தால், இரண்டு விரல் உயரம் கூடினதுபோல் உப்பியிருக்கும். அந்த ராத்திரி பிள்ளைகள் தலைவைத்ததும் தூங்கிவிடுவார்கள்.

சிக்கல், அந்த வெயில் நமக்கு ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் கிடைக்காது என்பதுதான். “மக்களே, வெயிலு வந்திருக்கு, மெத்தைய எடுத்துப் போடு” என்று மாமி குரல் கொடுத்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். இரட்டைக் கட்டில் மெத்தையை மாடிப்படி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை உறையைப் பிரித்து, பஞ்சைக் காயவைத்து, அடித்து, மறுபடி அடைத்துத் தைக்கவும் வேண்டும். புதிதாக வாங்குவதாக இருந்தால் காய் வெடிக்கும் பங்குனி, சித்திரையில் போடிநாயக்கனூர்ப் பஞ்சு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பாருங்கள். விரலில் கொட்டை நெருடினால் வேண்டாம், எலிக்கு அது தீனி. பட்டுபோல் வழுக்காமல் கையில் பிசுபிசுவென ஒட்டினால் அதில் மில் கழிவுப்பஞ்சு கலந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ரப்பர் மெத்தையின் கதை வேறு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு அதிகம் போவதும் ஏமாறுவதும் இதில்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்புதான் பால் நன்றாக இறங்கும். சிரட்டையில் விழும் அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை இயந்திரத்தில் சுழற்றி 60 சதவீத ரப்பராகக் கெட்டியாக்குகிறார்கள். பிறகு கந்தகம் சேர்த்து, நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள், கிட்டத்தட்ட இட்லி மாதிரி. 1929இல் டன்லப் கம்பெனியில் கண்டுபிடித்த முறை, இன்றைக்கும் அதே பெயரில் நடக்கிறது. மெத்தை முழுக்கத் தெரியும் துளைகள் அழகுக்கு வைத்தவை அல்ல. நுரையின் நடுப்பகுதி வரை சூடு போவதற்காக அச்சுக்குள் நிற்கும் முளைகள் விட்ட இடம் அவை. பிற்பாடு காற்று போய்வர அவையே வழியாகிவிடுகின்றன.

நாங்கள் முதலில் வாங்கிய ‘லேடெக்ஸ்’ (ரப்பர் பால்) மெத்தை இரண்டே வருஷத்தில் வீட்டுக்காரர் படுக்கும் பக்கம் குழியாகிவிட்டது. ஜிப்பைத் திறந்து பார்த்தேன். மேலே 1 இஞ்ச் மட்டும் துளைபோட்ட பால்நிற ரப்பர், கீழே மஞ்சள் ஃபோம். கடையில் ஜிப்பைத் திறக்கச் சொல்லத் தோன்றவில்லையே என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். இரண்டாவது முறை திறந்து காட்டச் சொல்லி, ஓரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துத்தான் வாங்கினோம். இன்னொரு அடையாளம் எடை. 6 இஞ்ச் கனத்தில் இரட்டைக் கட்டில் அளவு முழு ரப்பர் மெத்தை 30 கிலோவைத் தாண்டும். ஒரே ஆள் அனாயாசமாகத் தூக்கித் தோளில் வைத்தால் சந்தேகப்படுங்கள். புதுசில் லேசாக ரப்பர் வாடை வரும். ரப்பர் ஷீட் காயும் வாசனைக்குப் பழகிய நமக்கு அது பெரிதல்ல, ஜன்னலைத் திறந்து வைத்தால் சில நாளில் போய்விடும்.

படுத்தால் உடம்பைத் தாங்கும், புரண்டால் பக்கத்தில் இருப்பவருக்கு அசைவு தெரியாது, வருஷக்கணக்கில் வடிவம் மாறாது. மழைக்காலத்தில் என் ஓட்டு இதற்குத்தான், வெயிலே கேட்காது என்பதால். கேட்காது என்பது மட்டுமல்ல, காட்டவும் கூடாது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டு வெடித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஒரு சித்திரையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, மாமி பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டி, உறையைக் கழற்றித் துவைத்துவிட்டு, மெத்தையையும் மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டார். அவருக்குத் தெரிந்த அக்கறை அது, நாற்பது வருஷம் இலவம்பஞ்சைக் காப்பாற்றிய கை. வெயில் பட்ட முகம் பழுப்பேறி, கொஞ்ச நாளில் நகத்தால் கீறினால் மாவுபோல் உதிர ஆரம்பித்தது. இப்போது அந்த முகத்தைக் கீழ்ப்பக்கமாகப் போட்டுப் படுக்கிறோம். மாமியிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தென்னைநார் மெத்தை இரண்டு மரத்துக்கும் பிறந்த பிள்ளை. கதம்பையிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த நாரை முறுக்கிச் சுருளவைத்து, ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி எடுப்பது. புவிசார் குறியீடு வாங்கிய ஈத்தாமொழி நெட்டைத் தென்னை வளரும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை இரண்டாந்தரமாக நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றில் இதற்குத்தான் விலை குறைவு, நாருக்கு நடுவே காற்று தாராளமாகப் போகும். கெட்டியாக இருப்பதால் மாமி கையை ஊன்றி எழும்போது ஓரம் அமுங்குவதில்லை. இளம் வயதுக்காரர்கள் மேலே ஒரு மெல்லிய பஞ்சு விரிப்புப் போட்டால் உறுத்தாது. குறை என்றால், வருஷம் போகப்போக நடுவில் தாழும், நார்த்தூள் உதிரும். தண்ணீர் கொட்டி உள்ளே இறங்கிவிட்டால் காய நாலு நாள் ஆகும். முதியவர் அறையில் நீர்புகா உறை கட்டாயம்.

ஸ்பிரிங் மெத்தை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. கடலோரத்தில் குளச்சல், முட்டம் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தபிறகு வாங்கத் தோன்றவும் இல்லை.

சரி, மெத்தை எதுவானாலும் கட்டில் தப்பாக இருந்தால் பணம் வீண். சாமான் அடைத்துவைக்க அடியில் பெட்டிபோல் மூடிய பிளைவுட் கட்டில் ஒன்று வாங்கியிருந்தோம். ஒரு கார்த்திகை மாதம் மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்கக் கடுகு தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள். மேலிருந்து இறங்கிய ஈரம் பலகையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. பழைய அயனி மரப் பலகைக் கட்டிலை மறுபடி இறக்கினோம். இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள், அதன்பிறகு பூஞ்சணம் வரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் 64 வகை மூலிகை மரத்தால் செய்ததாகச் சொல்லும் கட்டிலைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நான் பார்ப்பது அங்கே ஜன்னல்களில் உள்ள மர அழிகளை, அதாவது இடைவெளி விட்டு அடித்த மரச் சட்டங்களை. வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும் அந்த வித்தைதான் ரப்பர் மெத்தைக்கும் வேண்டியது. மழை மாதங்களில் வாரம் ஒருநாள் எங்கள் மெத்தையைச் சுவரில் சாய்த்து ஒரு மணி நேரம் ஃபேனைப் போட்டுவிடுவேன்.

ஆகவே வெயில் விழும் முற்றமும் தூக்க ஆளும் உள்ளவர்களுக்கு இலவம்பஞ்சு, காற்று வரும் ஆனால் வெயில் எட்டாத அறைக்கு ரப்பர், வாடகை வீட்டுக்கும் வயதானவர்களுக்கும் தென்னைநார் என்பதுதான் என் பதில்.

தலையணைக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை. அங்கே இலவம்பஞ்சுதான், மூன்று அறைக்கும். இரண்டு மழைக்கு நடுவே அரைமணி வெயில் எட்டிப்பார்த்தாலும் ஆறு தலையணையையும் இரண்டு கையில் அள்ளிக்கொண்டு போய்த் திண்ணையில் வரிசையாக நிறுத்திவிடலாம். மாமியே தனியாகச் செய்துவிடுவார்.