தீர்க்கதரிசிகள் வகுப்பு: உவர்மலையில எட்டுச் சனிக்கிழமை

பைபிள் ஸ்டடி எண்டு நினைச்சுப் போனா ஏமாந்து போவீங்க, திருகோணமலை உவர்மலையில நடந்த இது ஜெபம் பாட்டு ஒண்டும் இல்லாத படிப்பு வகுப்பு, பைபிள்ள வாற எபிரேயத் தீர்க்கதரிசிகள ஆர் எப்ப எழுதினது எண்டு கிண்டிப் பாக்கிறது. 4,500 ரூபா கட்டினன். நான் சைவக்காரன், சும்மா ஒரு ஆர்வத்துல போனதுதான்.

முதல் நாளே சேர் ஒரு பேப்பர் சுருள விரிச்சார். 1947ல சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில கிடைச்ச, ஏசாயா தீர்க்கதரிசின்ர புத்தகம் எழுதின தோல் சுருள் இருக்கெல்லே, அந்த நீளத்துக்கே ஒட்டிக் கொண்டந்திருக்கிறார், ஏழு மீட்டருக்கு மேல, வகுப்புக்குள்ள காணாமல் விறாந்தை வரைக்கும் போச்சுது, 54 பத்தியையும் குனிஞ்சு குனிஞ்சு எண்டினம்.

சண்டை வந்தது ஏசாயா 45ம் அதிகாரத்துல. எட்டாம் நூற்றாண்டு கி.மு. ஆளின்ர புத்தகத்துல, கி.மு. 539ல பாபிலோனப் பிடிச்ச பாரசீக ராசா கோரேசின்ர பேர் எப்பிடி வந்தது? 40ம் அதிகாரத்துல இருந்து, யூதர் பாபிலோன்ல சிறையிருந்த காலத்துல வேற ஆள் எழுதினது எண்டுதான் ஆய்வாளர் கனபேர் சொல்லுகினம், 56ல இருந்து இன்னுமொரு கை எண்டு டூம் எண்ட ஜெர்மன்காரர் 1892ல பிரிச்சவராம். ஒரு அக்காவுக்குக் கோவம் வந்திட்டு, அப்ப பொய்யோ எண்டு கேட்டா. பின்னுக்கிருந்த ஐயா ஒருத்தர், "பிள்ள, எங்கட திருகோணமலைக் கோட்டை வாசல் கல்லுல வெட்டின பாட்டு, குளக்கோட்டன் ராசா கட்டின கோயிலப் பறங்கி, அதான் போர்த்துக்கீசர், பிரிப்பான் எண்டு, அது பறங்கி வர முதல் எழுதினதோ வந்தாப் பிறகோ?" எண்டார். வகுப்பு கப்சிப். திருகோணமலையாக்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்ல எண்டு அப்பதான் விளங்கிச்சு.

ஆமோஸ் வகுப்பு இன்னும் நல்லம். ஆமோஸ் தீர்க்கதரிசி தன்னப் பற்றிச் சொல்லுறது "காட்டத்திப்பழங்களைப் பொறுக்குகிறவன்" எண்டுதானே தமிழ் பைபிள்ள கிடக்கு, பொறுக்கிறது எண்டு மாத்தின அந்த எபிரேயச் சொல் முழுப் பைபிள்லயும் அந்த ஒரே இடத்துலதான் வருதாம், கிரேக்கத்துல மாத்தினவன் கீறிறது எண்டு போட்டிருக்கிறான், காய் பழுக்க மேல கத்தியால ஒரு கீறல் போடுறது. உடன அதே ஐயா, பாளை சீவுறவனிட்டக் கேட்டா கீறலின்ர அருமை தெரியும் எண்டார்.

குறையும் இருக்கு. நோட்ஸ் போட்டோக்கொப்பி படு மோசம். எபிரேயத்துல தாலெத், ரேஷ் எண்ட ரெண்டு எழுத்தும் ஏற்கனவே அண்ணன் தம்பி மாதிரி, அந்தக் காலத்துல பாத்து எழுதினவங்களே மாறி எழுதியிருக்கிறாங்கள், இந்தக் கொப்பியில ரெண்டும் ஒரே கறுப்புப் புள்ளி. எரேமியா தீர்க்கதரிசின்ர புத்தகத்த சேர் அரை மணித்தியாலத்துல ஓடி முடிச்சிட்டார், அதின்ர கிரேக்கப் பிரதி எபிரேயத்த விட கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு சின்னன் எண்டு சொல்லிப்போட்டு ஏன் எண்டு சொல்லாமலே மணி அடிச்சிட்டு. ஆதி யூதம் எண்டு நோட்டீஸ்ல போட்டது கடைசி ஒரு நாள்தான். எகிப்தில எலிபண்டைன் தீவுல இருந்த யூதர், இடிச்ச தங்கட கோயில திருப்பிக் கட்ட விடச்சொல்லி கி.மு. 407ல யூதேயா ஆளுநருக்கு எழுதின கடிதம், எருசலேமுக்கு வெளியில கோயில், எவ்வளவு பெரிய விசயம், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சுது. எங்கட ஊர்ல கோயில் இடிச்ச கதை சொல்லி வளந்தவங்களுக்கு அத ரெண்டு கிழமை படிப்பிச்சிருக்கலாம்.

ஆனாலும் காசு வீணில்ல. பைபிளின்ர ரெண்டு தமிழ் மொழிபெயர்ப்பு கையில கொண்டு போங்க, வசனம் வசனமா ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுவார். பின் வாங்கில இருக்க வேணாம், ஃபேன் முன்னுக்கு மட்டுந்தான் சுத்துது.