கை வலிக்கு விற்கும் பட்டைகள்: எல்போ ஸ்ட்ராப், ரிஸ்ட் ஸ்ப்ளிண்ட் – எது யாருக்கு?

மெடிக்கல் ஷாப்பில் "கை வலிக்கு ஏதாவது பெல்ட் கொடுங்க" என்றால் உடனே வரும் கேள்வி, "என்ன சைஸ்?" கேட்க வேண்டியது வேறு: வலி எங்கே தொடங்குகிறது? எந்த விரல் மரத்துப்போகிறது? இது தெரியாமல் வாங்கும் பட்டை, எவ்வளவு தரமானதாக இருந்தாலும், ஒரே வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

காசு கொடுப்பதற்கு முன் வீட்டில் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் சுள்ளென்று வலித்தால் அநேகமாக டென்னிஸ் எல்போ. டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது: துணி பிழிபவர்கள், பரோட்டா மாஸ்டர்கள், பெயிண்டர்கள், நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவர்கள். அடுத்து, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டுகளை மடக்கி 60 விநாடி வைத்திருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் ஊசி குத்துவது போல் வந்தால் கார்ப்பல் டனல் சந்தேகம், அதாவது மணிக்கட்டில் உள்ள குறுகிய பாதையில் (அதுதான் கார்ப்பல் டனல்) கைக்குப் போகும் நரம்பு நசுங்குவது. நடுராத்திரி எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

முதல் சோதனையில் வலித்தவர்களுக்கு எல்போ ஸ்ட்ராப். இரண்டு விரல் அகலப் பட்டை, உள்ளே ஒரு சிறு மெத்தை. பலர் அந்த மெத்தையை வலிக்கிற எலும்பின் மேலேயே கட்டுவார்கள். அது தவறு. எலும்பு முனையிலிருந்து மணிக்கட்டை நோக்கி இரண்டு விரல்கடை கீழே வாருங்கள். மணிக்கட்டை மேலே தூக்கினால் ஒரு தசை புடைக்கும். மெத்தை உட்கார வேண்டிய இடம் அதுதான். தசை இழுக்கும் விசை எலும்பில் ஒட்டியிருக்கும் தசைநாணுக்கு முழுதாகப் போய்ச் சேராமல் பட்டை நடுவிலேயே தாங்கிக்கொள்ளும். கையைத் தளர்த்தி வைத்துக் கட்டுங்கள், பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் பலன் கூடாது. அடியில் ஓடும் நரம்பு நசுங்கி, விரல்களை நிமிர்த்தும் பலம் குறையும், புறங்கை மரத்துப்போகும். வேலை நேரத்தில் மட்டும் போடுங்கள், தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். பொருளைப் பிடிக்கும்போது வலி குறையும், அவ்வளவுதான். பட்டையே நோயைக் குணமாக்கும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

குணத்துக்கு உடற்பயிற்சி வேண்டும். முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள், உள்ளங்கை கீழே பார்க்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மறு கையின் உதவியோடு மேலே தூக்கி, வலிக்கிற கையால் 4 விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 15 முறை, 3 சுற்று, தினமும். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களின் நிலை போடாதவர்களைவிட மோசமாக இருந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது சோதனையில் விரல் மரத்தவர்களுக்கு ரிஸ்ட் ஸ்ப்ளிண்ட், அதாவது மணிக்கட்டை மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பட்டை. நாங்கள் மிகவும் பரிந்துரைப்பதும் இதைத்தான், மிகவும் எச்சரிப்பதும் இதைத்தான். உள்ளங்கைப் பக்கம் ஒரு உறைக்குள் அலுமினியத் தகடு இருக்கும். பல ஸ்ப்ளிண்டுகளில் அது 20, 30 டிகிரி பின்னோக்கி வளைந்தே வருகிறது. சுளுக்குக்கு அந்த வளைவு பொருந்தலாம், நரம்புக்குப் பொருந்தாது. மணிக்கட்டு முன்னே மடங்கினாலும் பின்னே சாய்ந்தாலும் கார்ப்பல் டனலுக்குள் அழுத்தம் ஏறும். நேராக இருக்கும்போதுதான் குறைவு. தகட்டை உருவி, மேசை விளிம்பில் அழுத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். ஒரே முறையில் முடியுங்கள், திரும்பத் திரும்ப வளைத்தால் அலுமினியம் முறிந்துவிடும். மாட்டிய பிறகு முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். ஸ்ப்ளிண்டின் முன்விளிம்பு உள்ளங்கையின் மேல்ரேகையைத் தாண்டினால் விரல்களை முழுதாக மடக்க முடியாது, காலையில் விரல் விறைத்திருக்கும். இரவில் மட்டும், குறைந்தது 6 வாரம் போடுங்கள். பகலில் போட்டுக்கொண்டே வேலை செய்தால், மணிக்கட்டு செய்ய வேண்டியதைத் தோளும் முழங்கையும் செய்து, வலி அங்கே குடியேறும். சர்க்கரை, தைராய்டு கோளாறாலும் கார்ப்பல் டனல் தொல்லை வரலாம், இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். கர்ப்ப காலத்திலும் இது வரும். கட்டைவிரல் அடிமேடு வற்றுகிறது, சாமான் கைநழுவுகிறது என்றால் 6 வாரம் காத்திருக்காமல் டாக்டரிடம் போய் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பில் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) பற்றிக் கேளுங்கள்.

தகடு இல்லாத எலாஸ்டிக் உறை, க்ரேப் பேண்டேஜ் கதகதப்பு தரும், வேறொன்றும் செய்யாது. காந்த வளையலுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லையா? அப்படியானால் பட்டையே வாங்காதீர்கள். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையில் ஓடும் நரம்பைச் சந்தேகிக்கலாம். இரவில் முழங்கை மடங்காமலிருக்க ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்வதே முதல் வைத்தியம், அதற்குச் செலவில்லை. கையைத் தலைமேல் வைத்தால் வலி குறைகிறது, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் மூலம் கழுத்தில் இருக்கிறது. திடீர்க் கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே 108.

கடையில் மூன்றைப் பாருங்கள்: தகடு வெளியே வருகிறதா, கட்டைவிரல் தடையின்றி அசைகிறதா, உள்துணி பருத்தியா. வியர்க்கிற ஊரில் நியோபிரீன் (செயற்கை ரப்பர்) நேரடியாகத் தோலில் பட்டால் அரிக்கும், அடியில் மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். துவைக்கும்போது தகட்டை எடுத்துவிட்டு, வெல்க்ரோவை ஒட்டி மூடி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயவையுங்கள். வெல்க்ரோவில் நூல் அடைத்துப் பிடிமானம் போனால் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுங்கள், மறுபடி ஒட்டும்.